அனிமேவுக்குப் புதியவர்களுக்கு இனுயாஷாவைப் பற்றி எப்படி எழுதுவது

2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்த பிறகு நம்ம பக்கத்தில் ஒரு புதுக் கூட்டம் அனிமேவுக்குள், அதாவது ஜப்பானியக் கார்ட்டூனுக்குள், வந்திருக்கிறது. அம்பையில் ஒருத்தர், வள்ளியூரில் ஒருத்தர், பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும் என் சித்தி மகன், இப்படி. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அடுத்து எதப் பாக்கட்டும்?" அரக்கர்கள், வாள், ஊர் ஊராகப் பயணம், இதெல்லாம் பிடித்திருக்கிறது என்றால் நான் தயங்காமல் இனுயாஷா என்ற பழைய அனிமே தொடரைச் சொல்வேன். ஆனால் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் பலர் நாலைந்து எபிசோடிலேயே நின்றுவிடுகிறார்கள். படம் பழசாகத் தெரிகிறது, நீளத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, எங்கே போகிறது என்றே புரியவில்லை என்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு நல்ல விமர்சனம். அதைத் தமிழில் நம்மில் நிறையப் பேர் எழுத வேண்டும் என்பது என் ஆசை. எப்படி எழுதலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, எழுத உட்காரும் முன் திரும்பப் பாருங்கள். சின்ன வயதில் பார்த்த நினைவை மட்டும் நம்பி எழுதக் கூடாது. நினைவில் தங்கியிருப்பது நல்ல சண்டைகளும் பாட்டும் இரண்டு மூன்று அழுகைக் காட்சிகளும்தான். இடையில் கதை நகராமல் சுற்றியது, போன வாரம் சொன்னதையே திரும்பச் சொன்னது எல்லாம் உதிர்ந்து போயிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கோ அதுவும் சேர்ந்துதான் வரும். அத்தனை எபிசோடையும் மறுபடி பார்க்கச் சொல்லவில்லை. முதல் 16, நடுவிலிருந்து ஒரு பத்து, இறுதிப் பாகத்தில் கொஞ்சம், இது போதும்.

முடிந்தால் அனிமே அதிகம் பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் எங்கே போனைக் கையில் எடுக்கிறார், எங்கே "ஏலே நிறுத்து, அது யாரு?" என்கிறார், எங்கே சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனத்துக்கு வேண்டியதில் பாதி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். என் சித்தி மகன் கேட்டது இது: "அவ என்ன ஸ்கூல் யூனிபார்மோட பேய்க்கு நடுவுல நிக்கா, இவளுக்குப் பரீட்சையெல்லாம் கெடையாதா?" உண்டு. கதாநாயகி ககோமே பழைய காலத்திலிருந்து ஒரு கிணறு வழியாக வீட்டுக்குத் திரும்பி வந்து பரீட்சை எழுதுகிறாள், பெரிய மஞ்சள் பையில் பாடப் புத்தகமும் கப் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு மறுபடி அரக்கர்களோடு சண்டைக்குப் போகிறாள். தொடரின் அழகே இந்த இரட்டை வாழ்க்கையில் இருக்கிறது. நீளமான அறிமுகத்தை விட, புதியவர் கேட்ட அந்தக் கேள்வியையும் இந்தப் பதிலையும் எழுதினாலே வாசிக்கிறவர் உள்ளே வந்துவிடுவார்.

அடுத்து, கதையை எவ்வளவு சொல்வது. பலர் சறுக்குவது இங்கேதான். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுடலைமாடன் கதையோ இசக்கி கதையோ, பந்தலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் முடிவு தெரியும், தெரிந்தும் விடிய விடியக் கேட்போம், புலவர் அந்த இடத்துக்கு எப்போது வருவார் என்று காத்துக்கொண்டே இருப்போம். அதனால் முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நமக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை, விமர்சனத்திலும் முழுக்கதையையும் கொட்டிவிடுகிறோம். ஆனால் பந்தலில் இருப்பவர் அந்தக் கதைக்குள்ளேயே பிறந்தவர். இனுயாஷாவுக்குப் புதிதாக வருபவருக்கு எதுவும் தெரியாது. இந்தத் தொடரின் அடித்தளமே ஒரு பழைய துரோகம் என்ன என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருவதுதான். அதை எடுத்துச் சொல்லிவிட்டால் அவருக்குப் பார்க்க மிச்சம் சண்டைதான்.

நான் வைத்திருக்கும் கோடு இது. முதல் இரண்டு மூன்று எபிசோடில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். யார் யார் கூட்டத்தில் சேருகிறார்கள் என்பதைச் சொல்லலாம். கிக்யோ என்ற கோயில் பெண் ஏன் இனுயாஷா மேல் அம்பு எய்தாள், அதற்குப் பின்னால் யார், பிறகு கூட்டத்தில் சேரும் சாங்கோவின் தம்பிக்கு என்ன ஆகிறது, இதை எதற்காகவும் தொடக் கூடாது. ஒரு மாதிரிப் பத்தி தருகிறேன், உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"டோக்கியோவில் ஒரு கோயில் குடும்பத்தில் வளரும் ககோமேயை, அவளுடைய 15ஆவது பிறந்தநாளன்று, வளாகத்துப் பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பூரான் அரக்கி இழுத்துக்கொண்டு போகிறாள். ககோமே மேலே ஏறி வந்து பார்த்தால் சுமார் 500 வருடம் பின்னால் நிற்கிறாள். அங்கே ஒரு மரத்தில், நெஞ்சில் அம்பு பாய்ந்தபடி, 50 வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான் இனுயாஷா: அப்பா நாய் அரக்கன், அம்மா மனுஷி. ககோமேயின் உடம்புக்குள் அவளுக்கே தெரியாமல் இருந்த ஷிகோன் மணி என்ற மந்திர ரத்தினம் வெளியே வந்து, கொஞ்ச நேரத்தில் உடைந்து நாடெங்கும் சிதறுகிறது. ஒரு சில்லு கிடைத்தாலே எந்த அரக்கனுக்கும் பலம் கூடிவிடும். அதனால் இந்த இரண்டு பேரும், ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமலே, சேர்ந்து தேடக் கிளம்புகிறார்கள்."

இவ்வளவு போதும். அந்த 500 வருடத்தை நம் வாசகருக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர விரும்பினால், நம் பக்கம் தென்காசிப் பாண்டியர்கள் ஆண்ட காலம் என்று சொல்லிவிடலாம். ஜப்பானில் அப்போது சிற்றரசர்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள், சென்கோகு காலம் என்பார்கள். கதையில் எரிந்துபோன ஊர்களும் வழியில் கிடக்கும் பிணங்களும் அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்தப் போர்கள். இது தெரியாமல் பார்ப்பவர் ஏன் இவ்வளவு சாவு என்று யோசிப்பார்.

இப்போது நீளம். இதை மறைக்காதீர்கள், கணக்கை முன்னாலேயே போட்டுக் கொடுங்கள். முதல் தொடர் 2000 அக்டோபரில் தொடங்கி 2004 செப்டம்பர் வரை ஓடியது, 167 எபிசோடு. அதன் பிறகு 2009-2010இல் இறுதிப் பாகம், 26 எபிசோடு. மொத்தம் 193. எபிசோடு 24 நிமிடம் என்று வைத்தால் 77 மணி நேரம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் சேர்ந்து மூன்று நிமிடம் வரும், அவற்றைத் தள்ளினால் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் குறையும், ஆனால் பாட்டுகள் நன்றாக இருக்கும், மாறும்போது ஒருமுறையாவது கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு என்றால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இப்படிச் சொன்னால் வாசகருக்குப் பயம் போய்விடும், ஏனென்றால் மூன்று மாதம் என்பது ஒரு சீரியலை விடக் குறைவுதான்.

அந்த நீளம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் பழைய அனிமே புதியவரைக் குழப்புவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். இப்போதைய அனிமே 12 அல்லது 24 எபிசோடு ஒரு சீசன், பிறகு இடைவெளி, மூலக் கதை முன்னால் போனதும் அடுத்த சீசன். அன்றைக்கு அப்படி இல்லை. ருமிகோ தாகாஹாஷி இனுயாஷா மங்காவை, அதாவது மூலப் படக்கதையை, 1996 முதல் 2008 வரை வாரா வாரம் பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்தார், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சன்ரைஸ் ஸ்டுடியோ அதை வாரா வாரம் டிவிக்கு எடுத்தது. டிவி மங்காவை எட்டிப் பிடித்துவிடக் கூடாது. அதனால் மங்காவில் இல்லாத கதைகளை இடையில் சேர்ப்பார்கள், ஒரு முறைப்பை நீட்டுவார்கள், போன வாரத்துக் காட்சியைத் திரும்பக் காட்டுவார்கள், வாள் வீச்சுக்கு ஒரே படத்தை மறுபடி மறுபடி போடுவார்கள். வாரம் ஒன்று பார்த்தவருக்கு இது உறுத்தவில்லை. ஒரே ராத்திரியில் ஆறு பார்ப்பவருக்கு உறுத்தும். ஆகவே "ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், நாளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள்" என்று எழுதுங்கள். இந்தத் தொடருக்கு அதை விட உபயோகமான அறிவுரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. முதல் தொடர் கதையை முடிக்காமலே நின்றுவிட்டது. 167ஆவது எபிசோடைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று நொந்துபோனவர்கள் ஏராளம், அவர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள். புதியவருக்கு அந்த வேதனை வேண்டாம். இறுதிப் பாகம் தனிப் பெயரில் தனித் தொடராக இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார். வேக வித்தியாசத்தையும் எச்சரித்து விடுங்கள். மங்கா மொத்தம் 56 தொகுதி. முதல் 167 எபிசோடு ஏறக்குறைய 35 தொகுதியை எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்த 20 சொச்சத்தை 26 எபிசோடில் முடித்தார்கள். முதல் பாகம் சில இடங்களில் இழுக்கிறது, இறுதிப் பாகம் பல இடங்களில் மூச்சு விடாமல் ஓடுகிறது. சில சாவுகள் அழுவதற்குக்கூட நேரம் தராமல் கடந்து போகின்றன, எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. திரையின் வடிவமும் மாறும்: முதல் தொடர் பழைய டிவிக்கான சதுரப் பக்கம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வரும். ரிமோட்டை எடுத்து இழுத்து நீட்டாமல் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள், நீட்டினால் முகங்கள் எல்லாம் தட்டையாகிவிடும்.

எதுவரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதையும் விமர்சகர் சொல்லியாக வேண்டும். "மூணு எபிசோடு பாரு, பிடிக்கலன்னா விட்ரு" என்ற பொதுவான பேச்சு இந்தத் தொடருக்குப் பொருந்தாது. இனுயாஷாவின் அண்ணன் செஷ்ஷோமாரு ஐந்தாவது எபிசோடில்தான் வருகிறான், அதை ஒட்டித்தான் இனுயாஷாவுக்கு அப்பாவின் பல்லால் செய்த தெஸ்ஸைகா வாள் கிடைக்கிறது. ஏழாவது எபிசோடு வரை பார்த்தால் சண்டையும் குடும்பப் பகையும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் இந்தத் தொடர் உண்மையில் எதைப் பற்றியது என்பது 14, 15இல்தான், கிக்யோ திரும்ப வரும்போதுதான் தெரிகிறது. துறவி மிரோகு 16இல் வருகிறான், அரக்கர்களை வேட்டையாடும் சாங்கோ 24இல். இந்த எண்களைக் கொடுத்தால் வாசகர் கையில் ஒரு வரைபடம் இருக்கும். 15 வரை பார்த்தும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம் என்றும் எழுதுங்கள், ஆறு மணி நேரத்தில் முடிவு தெரிகிறது என்பது நியாயமான பேரம்.

நம்ம ஊர் வாசகருக்கு எழுதுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மரத்தில் அறைந்து கட்டிவைத்த ஆவி என்றால் என்ன என்று நெல்லைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டாம். புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டிய கதை இல்லாத ஊர் இங்கே எது? அநியாயமாகச் செத்த பெண் கோபத்தோடு திரும்பி வருவதும் நமக்குப் புதிதல்ல, இசக்கியைக் கும்பிடுகிறவர்கள் நாம். கிக்யோவைப் பார்க்கும்போது மற்ற ஊர்க்காரர் "இவள் வில்லியா, நல்லவளா" என்று குழம்புவார்கள், நம் பாட்டிமார் குழம்ப மாட்டார்கள், இரண்டும் ஒருத்திக்குள் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த நெருக்கத்தை ஒரு பத்தியில் தொட்டுக் காட்டினால் "வெளிநாட்டுக் கார்ட்டூன்" என்ற தயக்கம் போய்விடும்.

ஆனால் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிக்யோ இசக்கி அல்ல, ஷிண்டோ என்ற ஜப்பானிய மரபுச் சமயத்தின் கோயிலில் சேவை செய்யும் மிகோ, மணியைத் தூய்மையாகக் காக்கும் பொறுப்பில் இருந்தவள். ஜப்பானிய அரக்கர்கள் எல்லோருக்கும் படையல் போட்டுச் சாமியாக்கும் வழக்கமும் கதையில் கிடையாது. வித்தியாசம் வரும் இடங்களைச் சொல்வதுதான் விமர்சனத்தை ருசியாக்கும். அமாவாசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம், சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம். அமாவாசை என்றால் கண்ணுக்குத் தெரியாதவர்கள் நெருங்கி வரும் நாள், அவர்களுக்குப் பலம் கூடும் நாள் என்றுதான் நமக்குப் பழக்கம். இனுயாஷாவில் நேர் எதிர். அன்றைக்கு ராத்திரி அவனுடைய அரக்க பலம் எல்லாம் போய், முடி கறுத்து, விடியும் வரை வெறும் மனிதனாக நிற்கிறான். 13ஆவது எபிசோடு இது. மற்றவர்களுக்கு அது ஒரு சுவாரசியமான விதி, அமாவாசையோடு வளர்ந்தவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. அந்த ராத்திரியில் என்ன நடக்கிறது என்று சொல்லாமல் இந்த விதியை மட்டும் எழுதலாம், கதை கெடாது, ஆசை கூடும்.

அடுத்தது சங்கடமான பகுதி, விடாமல் எழுத வேண்டியது. மிரோகு என்ற துறவி, பார்க்கிற பெண்களிடமெல்லாம் "எனக்குப் பிள்ளை பெற்றுத் தருவாயா" என்று கேட்பதும், கை நீட்டுவதும் தொடர் முழுக்கச் சிரிப்புக்காக வருகிறது. அன்றைக்குச் சகஜமாக எடுத்தார்கள், இன்றைக்குப் பார்க்கும் பெண்களுக்கு எரிச்சல் வரும், வருவது நியாயம். அவனுடைய வலது கையில் ஒரு சாபம் இருக்கிறது, அவன் வம்சத்தையே தின்றுகொண்டு வருகிறது, அந்தப் பயம்தான் அவன் குறும்புக்கு அடியில் இருக்கிறது. பாத்திரமாக அவன் எனக்கு மிகவும் பிடித்தவன், அதற்காக அந்த நகைச்சுவையை நியாயப்படுத்தி எழுத மாட்டேன், இரண்டையும் சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரத்தமும் உண்டு, தலை வெட்டுவது, உடல் கிழிவது எல்லாம் வரும். கார்ட்டூன்தானே என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு போட்டுக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடம் அதிகம். "பத்தாவது படிக்கிற வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் யாராவது கூட இருந்து பாருங்கள்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு இடத்தில் ககோமே, இன்னொரு இடத்தில் ககோம் என்றால் புதியவர் இரண்டு பேர் என்று நினைப்பார். ஒரே பத்தியில் எட்டுப் பெயரைக் கொட்டாதீர்கள். முதல் தடவை ககோமே, இனுயாஷா, கிக்யோ மூன்று பேர் போதும், மற்றவர்கள் தேவைப்படும்போது வரட்டும். நரிக்குட்டி ஷிப்போவை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கு அவன்தான் முதலில் பிடிக்கும். எந்தத் தளத்தில் எந்த மொழியில் கிடைக்கிறது என்பதை எழுதும் அன்றைக்கே பார்த்து, தேதியோடு போடுங்கள், இது மாறிக்கொண்டே இருக்கும். என் சிபாரிசு ஜப்பானியக் குரலோடு பார்ப்பது, இனுயாஷாவுக்குக் குரல் கொடுத்த கப்பெய் யாமாகுச்சி கத்துவதையும் தழுதழுப்பதையும் அப்படியே கேட்க வேண்டும். ஆனால் ஆங்கில சப்டைட்டிலை ஓடி ஓடிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எபிசோடுக்கு எபிசோடு ஒரு வரிச் சுருக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. முதல் பதினைந்துக்கு மட்டுமாவது கொடுங்கள்.

இசையைப் பற்றிப் பலர் எழுதுவதே இல்லை. காவோரு வாதா ஜப்பானிய மரபுக் கருவிகளையும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்துப் போட்டிருக்கிறார், நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுங்கள்.

தீர்ப்புக்கு நட்சத்திரம் போடாதீர்கள். பத்துக்கு எட்டு என்றால் புதியவருக்கு எதுவும் தெரியாது, அவர் மற்ற எண்களைப் பார்த்ததே இல்லை. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால்: கூட்டமாகச் சேர்ந்து நடந்து, ராத்திரி நெருப்பு மூட்டிச் சாப்பிட்டு, ஊருக்கு ஊர் ஒரு கதை கேட்டுப் போகும் பயணம் பிடிக்கிறவருக்கு இது பொக்கிஷம். ஒருத்தனை நேசித்துக்கொண்டே அவன் மனதில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்து கூடவே நடக்கும் ககோமேயின் மனசைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவருக்கும் பிடிக்கும். ஒவ்வொரு எபிசோடிலும் கதை ஒரு படி முன்னேற வேண்டும் என்பவருக்கு நடுவில் வரும் அறுபது எழுபது எபிசோடு சோதனையாக இருக்கும். சண்டைக் காட்சியின் பளபளப்புக்காக மட்டும் டீமன் ஸ்லேயரை ரசித்தவர் இதை முதலில் எடுக்க வேண்டாம், இன்னும் இரண்டு புதுத் தொடர் பார்த்துவிட்டு வரட்டும்.

எழுதி முடித்ததும் இனுயாஷா பார்த்தவருக்குக் காட்டாதீர்கள், அவர் "அந்த சீனைச் சொல்லலியே, இந்த சீனைச் சொல்லலியே" என்பார், நீங்களும் சேர்த்துவிடுவீர்கள். பார்க்காதவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு "சரி, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்று அவர் கேட்டால் அந்தப் பதில் உங்கள் எழுத்தில் இல்லை என்று அர்த்தம்; திரும்பப் போய் முதல் பத்திக்குள்ளேயே எபிசோடு ஒன்று, நாளுக்கு இரண்டு, பதினைந்தில் முடிவு என்று எழுதிவிட்டு வெளியிடுங்கள்.